மனோரமாவின் மேடையைப் பதிவு செய்யுங்கள்: இயல் இசை நாடக மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் தலைவர், உறுப்பினர் செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மனோரமா ஆச்சியின் பொருட்டு இந்த மடலை எழுதுகிறேன். அவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர், கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றவர், 2002இல் பத்மஸ்ரீ பெற்றவர், 'புதிய பாதை'க்காகத் தேசிய விருது வாங்கியவர், நீங்கள் வழங்கும் கலைமாமணி விருதும் பெற்றவர். இதெல்லாம் ஊரறிந்த செய்தி, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் கவலை இந்தப் பட்டியல் தொடங்குவதற்கு முந்தைய காலத்தைப் பற்றியது. 1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் அவர் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றபோது, அவருக்குப் பின்னால் பல ஆண்டு மேடை அனுபவம் இருந்தது. அந்த ஆண்டுகள்தான் இன்று நம் கையிலிருந்து நழுவிக்கொண்டிருக்கின்றன.

நான் சென்னையில் ஒரு சபா நாடகக் குழுவில் பல காலம் பிராம்ப்ட் கொடுத்தவள், அதாவது நடிகர்கள் மறந்த வசனத்தை மறைவிலிருந்து எடுத்துக்கொடுத்தவள். மேடையின் பக்கத் திரையான விங்குக்குப் பின்னால் நாடகப் பாடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, நடிகர்களின் மூச்சை எண்ணிப் பழகியவள். அந்த இடத்திலிருந்து பார்த்துப் பழகிய கண்ணோடுதான் ஆச்சியின் படங்களைப் பார்க்கிறேன். எங்கே மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லில் குரலை ஏற்றுகிறார், எதிரில் இருப்பவர் பேசும்போது எப்படி அசையாமல் கேட்கிறார் என்று கவனித்தால், மேடை அவருடைய உடம்பிலேயே ஊறியிருந்தது தெரியும்.

மன்னார்குடியில் 1937 மே 26 அன்று கோபிசாந்தாவாகப் பிறந்த குழந்தை, அப்பாவின் வீட்டில் இடமில்லாமல் போன தாயோடு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தது. வீட்டு வேலை செய்து மகளை வளர்த்த அந்தத் தாய்க்கு உடம்புக்கு முடியாமல் போனதும் படிப்பு நின்றது. பன்னிரண்டு வயதளவில் நாடகத்தில் கால் வைத்த பெண்ணுக்கு, மனோரமா என்ற பெயரைத் தந்ததும் நாடகக்காரர்கள்தான். பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றம். அங்கே கலைஞர் எழுதிய 'மணிமகுடம்' முதலிய நாடகங்களில் கதாநாயகி.

இந்தக் கதாநாயகி என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். நமக்குத் தெரிந்த மனோரமா சிரிக்கவைத்தவர். தங்கவேலு, நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன் என்று அடுத்தடுத்த தலைமுறைகளின் நகைச்சுவை நடிகர்களுக்கு ஈடுகொடுத்தவர். பிறகு அம்மா, மாமியார், பாட்டி. ஆனால் மேடையில் அவர் பேசியது பக்கம் பக்கமான வசனம். திராவிட இயக்க நாடகங்களின் வசனத்தைப் பேசிப் பார்த்தவர்களுக்கு அதன் பாடு தெரியும். ஒரு வாக்கியம் நான்கு அடுக்காகப் போகும், எதுகையும் மோனையும் தட்டிக்கொண்டே வரும், கடைசி அடுக்கில்தான் பொருள் முடியும். நடுவில் மூச்சு விட்டால் அந்த அடுக்கு சரிந்துவிடும். மேலே தொங்கும் ஒன்றிரண்டு மைக்கை நம்பிக் கடைசி வரிசை வரை கேட்கும்படி பேச வேண்டும், அழுகை வரும் இடத்திலும் சொல் சிதையக் கூடாது. இதை ஊர் ஊராகப் போய், இரவு இரவாகச் செய்த ஒரு பெண், சினிமாவுக்கு வந்ததும் நகைச்சுவைப் பாத்திரத்தில் நிறுத்தப்பட்டார். கதாநாயகியாக இருந்தால் சில வருடம்தான், நகைச்சுவை நடிகை என்றால் காலத்துக்கும் நிற்கலாம் என்று கண்ணதாசன் தேற்றியதை அவரே பேட்டிகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். கவிஞர் சொன்னது பலித்தது. 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாக நடித்தபோதும் அந்தப் பாதை நீளவில்லை. ஆகவே அவருடைய திறமையில் ஒரு பாதி திரையில் பதிந்தது, மறுபாதி மேடையோடு போயிற்று. காப்பாற்ற வேண்டும் என்று நான் கேட்பது அந்த மறுபாதியை.

ஐந்து முதல்வர்களோடு நடித்தவர் என்று ஆச்சியைப் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்கிறோம். எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, என்.டி.ராமராவ் மூவரோடும் அவர் நடித்ததைப் பார்க்கப் படங்கள் இருக்கின்றன. அண்ணாவோடும் கலைஞரோடும் அவர் நடித்தது மேடையில். அதில் ஒரு நிமிட ஒலிப்பதிவைக்கூட நான் கேட்டதில்லை. 'மணிமகுடம்' 1966இல் படமானது, அந்தப் படத்தைத் தேடினால் பார்க்கலாம். மேடையில் அதே கதையை மனோரமா எப்படி நடத்திக்கொண்டு போனார் என்பதைச் சொல்ல, கூட நடித்தவர்களின் ஞாபகம் ஒன்றுதான் மிச்சம். இத்தனைக்கும் அது ஐம்பதுகளின் கதை. எழுபது ஆண்டு அளவே ஆன ஒரு கலையின் சுவடு இவ்வளவு சீக்கிரம் அழிவதற்கு நாம் எப்படிச் சம்மதித்தோம்?

திரையில் மிஞ்சிய பாதியை வைத்தே சிலவற்றை ஊகிக்க முடிகிறது. 1967இல் 'அனுபவி ராஜா அனுபவி'யில் தூத்துக்குடித் தமிழ் பேசுகிறார். மறு ஆண்டே 'பொம்மலாட்டம்' படத்தில் 'வா வாத்யாரே வூட்டாண்ட' என்று சொந்தக் குரலில் பாடி, ஜாம்பஜாரையும் சைதாப்பேட்டையையும் திரைக்குக் கொண்டுவருகிறார். 1992இல் 'சின்ன கவுண்டர்' படத்தில் கொங்கு நாட்டு ஆத்தா. இதற்கு நடுவே 1986இல் 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் வீட்டு வேலை செய்யும் கண்ணம்மா. கண்ணம்மா சண்டை பிடிக்கும் அந்தக் காட்சி இன்றும் வீடுகளில் பேசப்படுகிறது. அதை எழுதி இயக்கிய விசுவும் மேடையிலிருந்து வந்தவர் என்பதால், வெட்டாமல் ஒட்டாமல் ஆச்சியை ஓடவிட்டுப் பார்க்கத் துணிந்திருக்கிறார். கண்ணம்மா பேசும் தமிழ் மெட்ராஸ் தமிழ்தான், ஆனால் பதினெட்டு வருடம் முந்தைய பாட்டில் இருந்த துடுக்கு வேறு, இந்தக் கண்ணம்மாவின் கோபம் வேறு. வட்டார வழக்கை நகைச்சுவைக்கான ஒப்பனையாகப் பூசிக்கொள்கிற நடிப்பு இது இல்லை. அந்த ஊரில் அந்தப் பெண் எந்த வேலை செய்கிறாள், யாரிடம் பணிந்து பேசுவாள், யாரை ஏறிட்டுப் பார்ப்பாள் என்பது வரை அவருக்குத் தெரிந்திருக்கிறது. தஞ்சைச் சீமையில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்த ஒருவருக்கு இத்தனை ஊர்த் தமிழும் எங்கிருந்து வந்தது? நாடகக்காரர்கள் ஓர் ஊரில் கேம்ப் போட்டால் அந்த ஊர்க் கடைத்தெருவிலும் கிணற்றடியிலும்தான் பகலைக் கழிப்பார்கள். ராத்திரி அந்த ஊர் ஜனங்களின் முகத்தைப் பார்த்தபடியே நடிப்பார்கள். ஆச்சியின் காது அங்கேதான் பழகியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கூட இருந்தவர்களைக் கேட்டால் உறுதியாகத் தெரிந்துவிடும். கேட்க வேண்டியவர்கள் நீங்கள் என்பதால்தான் இந்த மடல்.

'தில்லானா மோகனாம்பாள்' பற்றிப் பேசாமல் என்னால் மேலே போக முடியாது. 1968இல் வந்த அந்தப் படத்தை இப்போதும் எத்தனையோ பேர் ஜில் ஜில் ரமாமணிக்காகப் பார்க்கிறோம். இயக்கிய ஏ.பி.நாகராஜன் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பெண் வேடம் போட்டு வளர்ந்தவர். சிவாஜியும் டி.எஸ்.பாலையாவும் சிறுவர்களை வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் தேறியவர்கள், நாகேஷ் அமெச்சூர் நாடகத்திலிருந்து வந்தவர். அந்தக் கூட்டத்துக்கு நடுவே மனோரமா, தன்னைப் போலவே மேடையை நம்பிப் பிழைக்கும் ஒரு பெண்ணாக நடிக்கிறார். நாயனத்தில் வரும் அந்த ஓசை உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லார் நாயனத்திலும் வருமா என்று நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரமாக நடிக்கும் சிவாஜியிடம் மனோரமாவின் ரமாமணி கேட்கும் இடத்தை மறுபடி பாருங்கள். சிரிப்பு வரும் என்று ரமாமணிக்குத் தெரியாது, மனோரமாவுக்கு மட்டும் தெரியும். அந்த வித்தியாசத்தை முகத்தில் துளியும் காட்டாமல் அவர் உட்கார்ந்திருக்கிறார். கேள்வி அப்பழுக்கில்லாத மரியாதையோடு வருகிறது. எதிரில் சிவாஜி அந்தச் சிரிப்புக்கு வழிவிட்டுத் தன்னை அடக்கிக்கொள்கிறார். ஒருவர் வாங்கும் கைதட்டலுக்கு மற்றவர் இடம் விடுவது மேடையில் படித்த பாடம். பிராம்ப்டராக நின்ற எனக்கு அந்தக் காட்சி ஒவ்வொரு முறையும் மெய் சிலிர்க்கும். சோ அவரைப் பொம்பளை சிவாஜி என்று சொன்னது வெறும் உபசாரம் இல்லை.

குரலைப் பற்றி ஒன்று. தன் பாட்டைத் தானே பாட முடியாதவருக்கு அந்தக் கால நாடகத்தில் பெரிய வேடம் கிடைப்பது கஷ்டம். ஆர்மோனியக்காரர் எடுக்கும் சுதியில் சேர்ந்து நிற்க வேண்டும். ஆச்சி சினிமாவில் சொந்தக் குரலில் பாடிய பாடல்களில் அந்தப் பழக்கம் கேட்கிறது. 1994இல் 'மே மாதம்' படத்தில் ஏ.ஆர்.ரகுமானின் 'மெட்ராஸைச் சுத்திப் பார்க்கப் போறேன்' பாட்டில்கூட அந்தக் குரல் வந்து சேரும்போது, இளைய குரல்களுக்கு நடுவே இந்த நகரத்தின் பழைய மேடை ஒன்று எழுந்து நிற்பதாகவே எனக்குப் படும். 1991இல் 'சின்ன தம்பி'யில் அவர் நடித்த விதவைத் தாயை அவமானப்படுத்தும் காட்சியில் அவர் எழுப்பும் ஓலமும் அதே தொண்டையிலிருந்து வந்ததுதான். தியேட்டரில் சிரித்துப் பழகிய ஜனம் அங்கே வாயடைத்துப் போனது.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன்.

நாடகத்தைப் பற்றி நம்மிடம் புத்தகங்கள் இல்லாமல் இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் 'நாடக மேடை நினைவுகள்' எழுதி வைத்தார், அவ்வை தி.க.சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' எழுதினார். இந்த இரண்டும் இல்லாவிட்டால் தமிழ் நாடகத்தின் பாதி வரலாறு நமக்குக் கிடைத்திருக்காது. மேடையில் நின்ற பெண்களிடமிருந்து இப்படி நமக்கு என்ன வந்து சேர்ந்திருக்கிறது? கும்பகோணத்தில் பெண்களையே கொண்டு கம்பெனி நடத்திய பாலாமணி அம்மாளைப் பற்றி மற்றவர்கள் எழுதிய குறிப்புகளைத்தான் படிக்கிறோம். கே.பி.சுந்தராம்பாள் விஷயத்தில் இசைத்தட்டு நம்மைக் காப்பாற்றியது. கொடுமுடியிலிருந்து வந்த அந்தக் குரலை இன்றும் கேட்கிறோம். ஐம்பதுகளில் நாடகமே பிழைப்பாக இருந்த பெண்களுக்கு இசைத்தட்டும் வாய்க்கவில்லை, எழுதி வைக்க ஓய்வும் இருக்கவில்லை. அவர்களில் சினிமாவுக்குப் போனவர்களின் பெயராவது நிற்கிறது. போகாதவர்களின் பெயரே இல்லை.

எங்கள் குழுவில் அம்மா வேடம் போடும் ஒரு மூத்த நடிகை இருந்தார். இளம் வயதில் தென் மாவட்டங்களில் ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது நடிகர்களைத் தனித்தனியாக அழைத்து ஒருநாள் இரவுக்குச் சேர்த்து நடத்தும் நாடகத்தில், ஸ்திரீபார்ட் என்ற கதாநாயகி வேடம் நடித்தவர். அரிதாரம் பூசிக்கொண்டே வள்ளி திருமணத்துப் பாட்டுகளை முணுமுணுப்பார். கதாநாயக வேடம் போடும் ராஜபார்ட் நடிகர் சந்தேகம் கேட்டு மடக்கினால் மேடையிலேயே எப்படிப் பதில் கட்டிச் சொல்ல வேண்டும் என்று நடித்துக் காட்டுவார். யாரும் பதிவு செய்யவில்லை. அவர் காலமான பிறகு வீட்டை ஒழித்தபோது, ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்த நாடக நோட்டீசுகளும் பாட்டு நோட்டுகளும் பழைய பேப்பர்காரருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வயிறு எரிந்தது. இதுபோன்ற பெட்டிகள் சென்னையில் இன்னும் எத்தனை வீட்டுப் பரணில் இருக்குமோ!

மன்றத்தால் இதைச் செய்ய முடியும் என்று நான் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. நலிந்த நிலையில் வாழும் கலைஞர்களுக்கு மாத நிதியுதவி கேட்டு வரும் விண்ணப்பங்கள் உங்களிடம்தான் வருகின்றன. கலைஞரின் பெயர், வயது, முகவரி, கலையில் அவருடைய அனுபவம் எல்லாம் அந்தக் கோப்புகளில் இருக்கின்றன. வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஆராய்ச்சியாளருக்கும் இப்படி ஒரு வாசல் திறந்திருக்கவில்லை. உதவித்தொகை தரும் கை, ஒரு ஒலிப்பதிவுக் கருவியையும் எடுத்துக்கொண்டு போகட்டும். ஒரு கலைஞரோடு இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து, எந்தக் குழு, எந்த ஊர், என்ன சம்பளம், யார் ஆர்மோனியம், ஒத்திகை எப்படி நடந்தது, பெண்களுக்கு எங்கே தங்க இடம் தந்தார்கள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி நடித்தார்கள் என்று கேட்க வேண்டும். ஞாபகத்தில் இருக்கும் பாடத்தைப் பேசச் சொல்லிக் கேட்க வேண்டும். பாடத்தை மனம் மறந்தாலும் வாய் மறக்காது, இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். மனோரமாவோடு நடித்தவர்கள், அவருக்கு ஒப்பனை செய்தவர்கள், அவருக்குப் பின்னால் விங்கில் நின்றவர்கள் யார் கிடைத்தாலும் அங்கிருந்து தொடங்கலாம். ஆச்சியின் பெயரால் தொடங்கினால் மற்றவர்களும் மனம் திறந்து பேசுவார்கள்.

காகிதங்களுக்கும் வழி இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அதன் அடித்தளமான சேகரிப்பைச் செய்த ரோஜா முத்தையா, பள்ளத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கோட்டையூர்க்காரர். மற்றவர்கள் தூக்கி எறியும் நாடக நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் தேடித் தேடிச் சேர்த்தவர். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே நூலகமாக நிலைநிறுத்தியது. பழைய காகிதத்தைப் பாதுகாப்பதில் தேர்ந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். மன்றம் அவர்களோடு கைகோத்தால், நாடகக் குடும்பங்களில் மிச்சமிருக்கும் கைப்பிரதிகளையும் போட்டோக்களையும் படியெடுத்துவிட்டு, மூலத்தை வீட்டாரிடமே திருப்பித் தரலாம். பெட்டியைக் கொடுத்துவிட்டால் திரும்பி வராது என்ற பயம் அந்த வீடுகளில் இருக்கிறது. திருப்பித் தருவோம் என்ற உறுதியை எழுத்தில் கொடுத்தால்தான் அவை வெளியே வரும்.

சிலை வையுங்கள், தெருவுக்குப் பெயர் வையுங்கள் என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆச்சிக்கு எல்லாம் தகும். நான் அவசரப்படுவதற்குக் காரணம் ஒரு கணக்கு. 2037இல் மனோரமாவின் நூற்றாண்டு வரும். அப்போது அரசு விழா எடுக்கும், மலர் வெளியிடும், நீங்களும் நிச்சயம் முன்னால் நிற்பீர்கள். 1957இல் இருபது வயதில் அவரோடு மேடை ஏறிய ஒருவருக்கு அந்த விழா நாளில் நூறு வயது ஆகியிருக்கும். மலரில் எழுத வேண்டியதைச் சொல்ல அன்றைக்கு யார் இருப்பார்கள்? நூற்றாண்டுக்குச் செலவழிக்கப் போகும் பணத்தில் ஒரு சிறு பங்கை இப்போதே எடுத்துச் செலவிட்டால், விழாவுக்கு வேண்டிய உண்மையான செல்வம் கையில் இருக்கும்.

பதிவானதைப் பூட்டி வைக்காதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். நடிப்புப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் எங்கிருந்தும் கேட்கும்படி அது பொதுவில் இருக்க வேண்டும். கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழு வழியாகவும் கல்லூரி நாடகக் குழுக்கள் வழியாகவும் இன்று நடிக்க வரும் இளம் பெண்கள் ஆச்சியின் காமெடிக் காட்சிகளைத் துண்டு துண்டாகப் போனில் பார்த்து வளர்ந்தவர்கள். இந்தச் சிரிப்புக்குப் பின்னால் எத்தனை வருட மேடைப் பயிற்சி இருந்தது என்று அவர்களுக்குச் சொல்ல, எங்களைப் போன்றவர்களின் வாய்மொழி போதாது.

நடைமுறையில் முதல் வேலை சிறியதுதான். நிதியுதவிக் கோப்புகளிலிருந்து எண்பது வயதைத் தாண்டிய நாடகக் கலைஞர்களின் பட்டியலை எடுங்கள், அதில் பெண்களின் பெயரை மேலே வையுங்கள். சென்னையில் இருப்பவர்களின் வீடுகளுக்கு முதலில் போகலாம், மதுரையும் காரைக்குடியும் அடுத்து. கேள்விகளைத் தயாரிப்பது, கூடவே போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பது, பதிவைக் கேட்டு எழுத்தில் இறக்குவது எல்லாவற்றையும் நானும் என் நாடகத் தோழிகளும் ஒரு பைசா வாங்காமல் செய்து தருகிறோம். மன்றத்தின் அனுமதிக் கடிதமும் ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவியும் இருந்தால் இந்த மாதமே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
சபா நாடகங்களுக்குப் பிராம்ப்ட் கொடுத்த ஒருத்தி,
சென்னை